ஐந்தாவது படத்தைத் திருப்பியது நான்தான்

முப்பத்து நான்கு வயதுக்காரன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்புத்தான் வரும். எனக்கே வருகிறது. ஆனால் கம்பெனியில் எனக்கு விடை கொடுத்த அன்று சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, ‘பணி ஓய்வு வாழ்த்துகள்’ என்று எழுதிய கேக்கை வெட்டச் சொன்னார்கள். கேக் கடைக்காரருக்கு வேறு வாசகம் தோன்றவில்லை போலும். அதனால் நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பழைய பிளாஸ்டிக் கம்பெனிக் கொட்டகைதான் எங்கள் ஸ்டுடியோ. அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுக்கிற ஸ்டுடியோ இல்லை. சுவரில் மாட்டுகிற பெரிய கலைப் படங்கள் செய்வோம். புத்த பிக்குகளின் வாழ்க்கை, அவர்களுடைய மடங்களோடு சேர்த்துப் பேசப்படுகிற தற்காப்புக் கலை, இவற்றை மனதில் வைத்து ஆட்களை நிறுத்தி எடுப்போம். தியானத்தில் உட்கார்ந்தவர், முற்றம் பெருக்குகிறவர், தண்ணீர் சுமக்கிறவர், ஒற்றைக் காலில் நிற்கிறவர். ஐந்தடி, ஆறடிக்குப் பருத்தித் தாளில் அச்சடித்துச் சட்டம் போட்டு அனுப்புவோம். ஓட்டல்கள் வாங்கும், யோகா நிலையங்கள் வாங்கும், கராத்தே பள்ளிகள் வாங்கும், கம்பெனிகள் தங்கள் நடைபாதைச் சுவருக்கு வாங்கும்.

இப்போது அங்கே படம் எடுக்கும் தளத்தை மூடிவிட்டார்கள். என்ன வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதினால் அதுவே பிக்குவை வரைந்து தருகிறது. என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரேவதி போன மாதம் போன் செய்தாள்.

“அண்ணா, முன்னாடியெல்லாம் சந்தேகம்னா படத்துல இருக்கறவரையே கூப்ட்டு கேப்பீங்களாமே. இதுல ஆளே இல்லையே. நான் யாரைக் கேட்டு சரி பாக்கறது?”

“எதைச் சரி பாக்கணும்?”

“அதான் தெரியல. நீங்க பாப்பீங்களே ஒவ்வொண்ணா, அதை எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பட்டியல் வரவில்லை. ஏழுமலை மாஸ்டர்தான் வந்து நின்றார். ஆகவே அவரைப் பற்றியே எழுதுகிறேன். ரேவதி இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வாளோ எடுத்துக்கொள்ளட்டும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா வயல் வேலைக்குப் போனவர், பிறகு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் டிகிரி முடித்துவிட்டு இந்த வேலையில் சேர்ந்தபோது அம்மா கேட்டார்: “போட்டோ புடிக்கறதுக்கா காலேஜுக்கு அனுப்பனோம்?” போட்டோ கூடப் பிடிக்கவில்லை. பிடித்த படத்தில் பின்னணியை வெட்டி எடுக்கிற வேலை. மற்ற ஸ்டுடியோக்களில் தலைமுடி ஓரத்தை வெட்டியே கண் போய்விடும். எங்கள் படங்களில் பாதிப் பேருக்குத் தலையில் முடியே கிடையாது. அந்த வகையில் எனக்கு நல்ல காலம். தினமும் மீஞ்சூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, புட்லூரில் இறங்குவேன். இரண்டு வருடத்தில் வெட்டுகிற வேலையிலிருந்து அச்சுக்கு அனுப்புகிற வேலைக்கு உயர்ந்தேன். என்னைப் பற்றிச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

மொட்டைத் தலைகள் எங்கிருந்து வந்தன என்று எல்லோரும் கேட்பார்கள். திருத்தணியிலிருந்து வந்தன. தொழிற்பேட்டையில் யாராவது வேண்டுதலுக்கு மொட்டை போட்டுக்கொண்டு திரும்பினால், அடுத்த நாளே எங்கள் ஆள் போய் நிற்பார். “அண்ணே, ஒரு மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போங்க.” தலையிலிருக்கும் சந்தனத்தைக் கழுவி, துணியைப் போர்த்தி, ஜன்னல் ஓரம் உட்கார வைப்போம். லேத் ஓட்டுகிறவர், லோடு ஏற்றுகிறவர், டீக்கடைக்காரர் எல்லோரும் பிக்கு ஆகியிருக்கிறார்கள். ஒருவர் மூன்று வருடம் தொடர்ந்து மொட்டை போட்டார். சாமிக்கா, எங்களுக்கா என்று அவர் மனைவிக்கே சந்தேகம்.

ஸ்டுடியோவின் முதலாளி, படம் எடுப்பவர், எங்கள் எல்லோருக்கும் மேலானவர் ஜெயந்தி மேடம். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாட்ச்மேன் முதல் எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். அதுவே ஒரு பயம். உட்கார்ந்திருப்பவர் லேத் ஓட்டுகிறவர் என்பதை அவர் மறைத்ததே இல்லை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ‘பிக்குகளின் வாழ்வைப் பார்த்து எடுத்தது, இதில் இருப்பவர் பிக்கு அல்ல’ என்று ஒட்ட வேண்டும். துணி போர்த்துவதில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார். இடது தோள் மூடியிருக்க வேண்டும், வலது தோள் திறந்திருக்க வேண்டும். அதற்குச் சுவரில் ஒரு படமே ஒட்டியிருந்தது.

அச்சு வந்த பிறகு அவர் பார்க்கிற விதம் தனி. மேஜையில் படத்தை விரிப்போம். ஒன்றும் பேசாமல் சுற்றி வருவார். குறை இருந்தால் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மருந்து முனை அந்த இடத்தைக் காட்டும்படி படத்தின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். என்ன குறை என்று சொல்ல மாட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குறைக்கு ஒரு குச்சி. நான் சேர்ந்த புதிதில் ஒரு படத்தில் பதினாலு குச்சிகள் இருந்தன. அச்சுப் பகுதி ஆள் ஒருவர், “டேனியலு, அடுப்பே பத்த வைக்கலாம் போலக்கீதே” என்றார்.

இன்னொரு விதியும் உண்டு. படத்தில் எந்த மாற்றம் செய்தாலும் வேலைச் சீட்டில் எழுத வேண்டும். வெளிச்சம் கூட்டினாலும் சரி, ஒரு தூசியை எடுத்தாலும் சரி. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மேடம் வாடிக்கையாளருக்குக் கடிதம் கொடுப்பார். ‘இதில் குறித்தவை தவிர, இந்தப் படங்கள் எடுத்தது எடுத்தபடி உள்ளவை’ என்று அதில் இருக்கும். எங்கள் ஸ்டுடியோவுக்கு அதனால்தான் நல்ல பெயர்.

ஏழுமலை மாஸ்டர் மொட்டை போட்டவர்களில் சேர மாட்டார். அவருக்குத் தானாகவே வழுக்கை. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருட்டும் ஆலையில் கான்ட்ராக்டில் ஷிப்ட் வேலை. பதினேழு வருடமாகக் கான்ட்ராக்ட்தான். ஷிப்ட் இல்லாத நேரத்தில் புதுவாயலில் ஒரு கடை மாடியில் கராத்தே வகுப்பு நடத்துவார். மேடம் ஒரு முறை அவர் கையை நீட்டிக் குத்துவதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே காக்களூருக்கு வரவழைத்தார். மடத்துத் துறவிகள் போடுவதைப் போல மார்பில் குறுக்காக மடித்து, இடுப்பில் துணிப்பட்டை கட்டுகிற சாம்பல் சட்டை வேண்டும் என்றார் மேடம். புதிதாகத் தைக்க வேண்டாம் என்று மாஸ்டர் தன்னுடைய பழைய வெள்ளைக் கராத்தே சட்டைக்கே சாயம் ஏற்றிக்கொண்டு வந்தார். மார்பில் இருந்த வகுப்பு முத்திரையையும் அவரே பிரித்து எடுத்திருந்தார்.

அந்த ஒரு குத்தை நாற்பது தடவைக்கு மேல் எடுத்தோம். வலது கை முஷ்டி நீளும்போது சட்டைக் கையிலிருந்து பவுடர் தூள் புகை மாதிரி பறக்க வேண்டும். அது சரியாக வரும்போது முகம் சரியாக இருக்காது. முகம் சரியாக இருந்தால் தூள் முன்னாலேயே கொட்டியிருக்கும். மாஸ்டர் அலுத்துக்கொள்ளவே இல்லை. “எங்க கம்பெனில எட்டு மணி நேரம் கம்பி இழுக்கறேன் மேடம். இது இன்னா, காத்துல தானே குத்தறேன்” என்றார்.

அந்த வருடம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஜப்பான் கூட்டோடு நடக்கிற ஒரு வண்டிப் பாகக் கம்பெனியிலிருந்து எட்டுப் படங்களுக்கு ஆர்டர் வந்தது. ஆறு படங்கள் மொட்டைத் தலைகள், இரண்டு மாஸ்டருடையவை. ஏழு படங்கள் நடைபாதைக்கு. ஐந்தாவது மட்டும் கூட்ட அறைக்கு. அது அந்தக் குத்து.

அதே கம்பெனியில் அப்போது ஒரு நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தினமும் காலையில் தொழிலாளர்களுக்கு உடற்பயிற்சி, பெண் தொழிலாளர்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்க ஒருவர். மாஸ்டர் விண்ணப்பித்திருந்தார். முதல் நேர்காணல் முடிந்து, அடுத்ததற்கு வரச் சொல்லியிருந்தார்கள். தன் படம் அந்தக் கம்பெனிச் சுவரிலேயே மாட்டப்போகிறது என்று தெரிந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “டேனி, நல்லா வந்துகீதா?” நன்றாகத்தான் வந்திருந்தது.

படங்கள் அச்சுக்குப் போக ஒரு நாள் இருக்கும்போது அந்தக் கம்பெனியின் உள் அலங்காரம் செய்பவர் போன் செய்தார். கூட்ட அறைச் சுவரில் அளவு பார்த்தாராம். “சார், அஞ்சாம் நம்பர் படத்துல அந்தக் குத்து நேரா எம்.டி. சீட்டுக்குப் போவுது. அவர் உக்காந்தா மூக்கு மேலயே குத்தற மாதிரி இருக்கும். கதவுப் பக்கம் திருப்பிக் குடுங்க.”

மேடம் அன்று வெளியூர். நான் படத்தைத் திறந்தேன். கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றுவது ஒரு விசை அழுத்தம்தான். மலை, மரம், குளம் இருக்கிற படங்களைச் சீட்டில் எழுதிவிட்டு அப்படி நிறையத் திருப்பியிருக்கிறேன். துணி போர்த்திய படங்களைத் திருப்பினால் தோள் மாறிவிடும், அதைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும். இதில் தோள் இரண்டுமே மூடியிருந்தது. எழுத்து இருக்கிறதா? இல்லை. முத்திரை? பிரித்தாயிற்று. கைக்கடிகாரம், பொத்தான், பை? ஒன்றும் இல்லை. வலது கைக் குத்து இடது கைக் குத்து ஆகும். ஆகட்டுமே, இரண்டு கையாலும் குத்துவார்கள்தானே என்று நினைத்தேன்.

ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு மாஸ்டரின் போனுக்குத் திருப்பிய படத்தை அனுப்பினேன், திருப்பினேன் என்று சொல்லாமல். ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

“டேனி, சூப்பரா கீதுபா! அச்சு அசல் நானேதான். நம்ம கிளாஸ் கண்ணாடில தெனம் பாக்கற மாதிரியே கீது.”

அந்த வார்த்தையைக் கேட்ட இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆளே சரி என்று சொல்லிவிட்டார் என்ற தைரியத்தில் அனுப்பிவிட்டேன். வேலைச் சீட்டில் எழுதவில்லை. எழுதினால் மேடம் வரும் வரை காத்திருக்க வேண்டும், வண்டி போய்விடும். அடுத்த நாள் வந்த மேடம், வண்டி காத்திருந்த அவசரத்தில் அச்சை விரிக்காமல் சீட்டை மட்டும் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை, கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம், ஷிப்ட் முடிந்த உடையோடு மாஸ்டர் பைக்கில் காக்களூருக்கு வந்தார். கை கால் கூடக் கழுவவில்லை. எங்கள் வாசலில் இருக்கிற டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“டேனி, நான் செத்துட்டேனாம்பா.”

“இன்னா மாஸ்டர் சொல்றீங்க?”

“ஜப்பான்லேந்து அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர் ஒர்த்தரு வந்துகீறாரு. பெரியவரு. மீட்டிங் ரூம்ல நம்ம படத்து முன்னாடி நின்னு கை கூப்பிக் கும்புட்டாராம். அப்பறம் ‘இவரு எப்ப எறந்தாரு?’ன்னு கேட்டாராம். அங்க கீறவங்களுக்கு ஒண்ணும் புரியல. ‘உயிரோட கீறாரு சார், வெள்ளிக்கிழமை இன்டர்வியூக்கு வர்றாரு’ன்னு சொல்லிகீறாங்க. அவருக்கு மூஞ்சே மாறிடிச்சாம்.”

“ஏன் அப்படிக் கேட்டாரு?”

“சட்டைபா. எடது பக்கம் மேல வரணும், வலது பக்கம் உள்ள போவணும். மாத்திக் கட்டினா அது பொணத்துக்கு. அவங்க ஊருல செத்தவங்களுக்குத்தான் அப்டிக் கட்டுவாங்க. மொத நாள் கிளாஸ்ல பசங்களுக்கு நான் சொல்றதே அதான். படத்துல நானே மாத்திக் கட்டிகினு நிக்கறேன்.” போனை எடுத்து அந்தப் படத்தையே பெரிதாக்கி என் முன்னால் நீட்டினார். “எச்.ஆர். மேடம் போன் பண்ணாங்க. ‘சட்டை கட்டத் தெரியாதவரு என்னத்த கத்துக் குடுப்பாருன்னு கேக்கறாங்க மாஸ்டர், நீங்க வெள்ளிக்கிழமை வர வேணாம், வேற ஒருத்தர பாக்கறோம்’னு சொல்லிட்டாங்க.”

படத்தைப் பார்த்தேன். வலது பக்கம் மேலே இருந்தது. பெரிய எழுத்தில் எழுதி வைத்தது போல இருந்தது.

டீ வந்தது. மாஸ்டர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு தன் சட்டைக் காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இடது கையால் ஒரு மடிப்பு, வலது கையால் ஒரு மடிப்பு, காற்றிலேயே கட்டிப் பார்த்தார்.

“இருவது வருசமா கட்டறேன் டேனி. கண்ண மூடிகினு கட்டுவேன். அன்னிக்கி மட்டும் எப்டி மாறிச்சி? நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்தேன்ல, தூக்கத்துல கட்டிட்டனா? பசங்களுக்கும் தப்பாத்தான் சொல்லிக் குடுத்துகினு இருந்தனா?”

நான் பேசவில்லை. இதை எழுதும்போதுகூட அந்த இடத்தில் கை நிற்கிறது. அவர் அந்த டீயைக் குடித்து முடிக்கும் வரை நான் பேசவில்லை. தான் சரியாகத்தான் கட்டினோமா என்று தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். பதில் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நான் மனதுக்குள் வேலைச் சீட்டையும் மேடத்தின் கையெழுத்தையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளாசை வைத்துவிட்டு அவர் எழுந்தபோதுதான் சொன்னேன். “மாஸ்டர், நீங்க சரியாத்தான் கட்டினீங்க. படத்தை நான் திருப்பிட்டேன்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் அசல் படத்தைத் திறந்து காட்டினேன். வலது கைக் குத்து. இடது பக்கம் மேலே. நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப எனக்கு அனுப்சியே, அது?”

“திருப்பினதுதான்.”

“ஏன் சொல்லல?”

“கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு...”

“மாட்டேன்னு சொல்லிருக்க மாட்டேன்டா. சட்டைய மாத்திக் கட்டிகினு இன்னொரு தபா நின்னுருப்பேன். நீ திருப்பனா சரியா வந்துருக்கும்.” அதுவரை அவர் என்னை ‘டா’ போட்டதில்லை.

அவர் சொன்ன வழி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்று வரை உறுத்துவது.

மேடத்தின் அறைக்குப் போனோம். ஆர்டர் பிடித்து வருகிற தினேஷும் அங்கே இருந்தான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.  தினேஷ்தான் முதலில் பேசினான்.

“மேடம், சிம்பிள். கண்ணாடில கீறல் விழுந்திருக்கு, மாத்தித் தர்றோம்னு சொல்லி நேர்ப் படத்தைக் கொண்டு போய் மாட்டிடறேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது மாடி ஆர்டர் வேற பேசிக்கினு இருக்காங்க. இப்பப் போயி ‘திருப்பிட்டோம்’னு சொன்னா நம்ம லெட்டரே பொய்னு ஆயிடும்.”

“என் இன்டர்வியூ?” என்றார் மாஸ்டர்.

“படம் மாறிடுச்சின்னா அவங்களே புரிஞ்சிப்பாங்க மாஸ்டர்.”

“இன்னான்னு புரிஞ்சிப்பாங்க? தப்பா கட்டினவன் படத்த எடுத்துட்டாங்கன்னுதானே?”

 மேடம் கோப்பிலிருந்து அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை எடுத்து மேஜையில் விரித்தார். தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார். எனக்காகத்தான் என்று நினைத்தேன். குச்சியைத் தன் கையெழுத்தின் மேல் வைத்தார்.

“திருப்பினது நீங்க, டேனியல். பார்க்காம கையெழுத்துப் போட்டது நான். ரெண்டும் லெட்டர்ல வரணும். நீங்க எழுதுங்க.”

எழுதினேன். முதல் தடவை உள் அலங்காரம் செய்பவர் கேட்டார், வண்டி நின்றுகொண்டிருந்தது, மாஸ்டரே பார்த்துச் சரி என்றார் என்றெல்லாம் எழுதியிருந்தேன். மூன்றும் உண்மைதான். மேடம் படித்துவிட்டு, “இதை மாஸ்டருக்காக எழுதினீங்களா, உங்களுக்காகவா?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது தடவை நான்கு வரியில் முடிந்தது. படத்தை இடவலமாக மாற்றியது நான். அதைச் சீட்டில் எழுதவில்லை. படத்தில் இருப்பவரிடமும் சொல்லவில்லை. அவர் சட்டையைச் சரியாகவே கட்டியிருந்தார். மேடம் அதன் கீழே தன் தவறை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான் என்று எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். முழுப் பெயர் போட்டு, பொறுப்பு ஏற்று நான் எழுதிய முதல் கடிதம் அது.

இரண்டாவது மாடி ஆர்டர் போய்விட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினேஷ் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. மேடம் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. அச்சுக்கு அனுப்புவதிலிருந்து எடுத்து மறுபடியும் ஓரம் வெட்டுகிற வேலையில் ஒரு வருடம் உட்கார வைத்தார். அதன் பிறகும் யாராவது படத்தில் இருக்கும் உடம்பைத் திருப்ப வேண்டும் என்று கேட்டால், அந்த உடம்புக்குச் சொந்தக்காரரிடம் ‘திருப்பப் போகிறோம்’ என்று சொல்லிக் கேட்காமல் நான் செய்ததில்லை. ரேவதிக்கு நான் தரக்கூடிய பட்டியல் அதுதான். அவளுடைய படத்தில் இருக்கும் உடம்புக்குச் சொந்தக்காரரே இல்லை என்றால் என்ன செய்வது என்பது எனக்கும் தெரியவில்லை. அந்தக் கலையைச் செய்கிற ஆள் ஒருவரைத் தேடிப் போய்க் காட்டு என்று மட்டும் சொல்லுவேன். காட்டும்போது எதையும் மறைக்காதே.

வெள்ளிக்கிழமை காலை மேடம், நான், மாஸ்டர் மூவரும் அந்தக் கம்பெனிக்குப் போனோம். மாஸ்டர் துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையைப் பையில் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். “சும்மா இருக்கட்டும்” என்றார். கூட்ட அறையில் எச்.ஆர். நிர்மலா மேடமும் அந்த ஆலோசகரும் இருந்தார்கள். ஆலோசகர் மெலிந்த உருவம், காலரில்லாத சாம்பல் சட்டை. நேர்ப் படத்தின் அச்சைச் சுவரிலிருந்த படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தோம். நிர்மலா மேடம் கடிதத்தை ஆங்கிலத்தில் படித்துச் சொல்ல, அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

எதற்காகத் திருப்பினாய் என்று கேட்டார். குத்து எம்.டி. நாற்காலியைப் பார்த்து இருந்தது என்று சொன்னேன். நிர்மலா மேடம் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஆலோசகர் நாற்காலியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. எனக்குப் பிடிபடாத உச்சரிப்பில், ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார்.

“ஒரு படத்தை ஒரு தடவை திருப்பத் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு தடவை திருப்பவும் தெரியுமேன்னு கேக்கறார். இதுல எது நிஜம்னு படத்தைப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு கேக்கறார்” என்றார் நிர்மலா மேடம்.

 ஆரம்பத்தில் எடுத்த கோப்பு இருக்கிறது, நாள் நேரம் எல்லாம் பதிந்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கினேன். ஆலோசகர் கையைக் காட்டி நிறுத்தினார். கோப்பு எதற்கு, ஆள்தான் இங்கேயே நிற்கிறாரே என்று சொன்னார். பிறகு மாஸ்டரின் பையைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

“மாஸ்டரை உங்களுக்குக் கட்டிவிடச் சொல்றார், டேனியல்” என்றார் நிர்மலா மேடம். “கட்டிக்கிட்டே ஏன் அப்படின்னு சொல்லணுமாம்.”

நான் ஷூவைக் கழற்றிவிட்டு அறையின் நடுவில் போய் நின்றேன். மாஸ்டர் பையிலிருந்து சட்டையை எடுத்து உதறினார். என் தோளில் போட்டார். அவர் அளவுக்கு எடுத்தது, எனக்குத் தொளதொளவென்று இருந்தது. ஆலோசகர் ஒரு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேடம் சுவரோரம் நின்றார்.

“மொதல்ல வலது பக்கம்” என்றார் மாஸ்டர். குரல் வகுப்பில் பேசுகிற குரலாக மாறியிருந்தது. “இது உள்ள போவணும். இத இடுப்புல இங்க புடிச்சிக்கணும். அப்பறம் எடது பக்கம், இது மேல வரும். ஏன்னா உயிரோட கீறவன் இப்டித்தான் கட்டுவான். செத்தவனுக்கு அவனே கட்டிக்க முடியாது, அடுத்தவங்கதான் கட்டுவாங்க. அத வேற மாதிரி கட்டுவாங்க, வித்தியாசம் தெரியறதுக்கு. நானு பசங்களுக்கு மொத நாளு சொல்லிக் குடுக்கறது இதான். குத்தறது, ஒதைக்கறது எல்லாம் அதுக்கப்பறம்.”

நிர்மலா மேடம் வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆலோசகர் முன்னால் சாய்ந்து மாஸ்டரின் விரல்களையே பார்த்தார். பட்டையை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுக்குக் கொண்டுவந்த மாஸ்டர், எனக்கு நேரே முகத்தை வைத்து, இரண்டு முனையையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். எனக்கு உள்ளேயிருந்த காற்று அத்தனையும் வெளியே வந்துவிட்டது. ‘ஹக்’ என்று சத்தமே கேட்டது. நிர்மலா மேடம் சிரித்துவிட்டார். ஆலோசகர் நாற்காலியிலிருந்து எழுந்து, என் பக்கம் திரும்பாமல், மாஸ்டருக்கு இடுப்பு வளையக் குனிந்தார். மாஸ்டரும் குனிந்தார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அவர் அங்கே வேலையில் சேர்ந்தார்.

குனிந்து நிமிர்ந்த பிறகும் மாஸ்டர் பட்டையின் முனைகளை விடவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“மூச்சு வாங்குதா? அப்ப உயிரோடதான் கீற. சரியாத்தான் கட்டிகீறேன்.”